எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குத் தோலில் பூஞ்சைத் தொற்று: உறுதி செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூஞ்சை ஆய்வுக்கூடத்தில் தோல், நகம், திசு மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்ப்பதும், வளர்த்துப் பார்ப்பதும் என் அன்றாட வேலை. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள், எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுபவர்கள் என்று பலரும் வருகிறார்கள். நோய் வேறுவேறாக இருந்தாலும் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றே. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். நோயை உறுதி செய்வது பற்றித்தான் இந்தப் பக்கம். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

எனக்குச் சுகர் மட்டும்தான். என்னையும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் கணக்கில் சேர்ப்பீர்களா?

சுகர் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. மாதக்கணக்கில் கட்டுப்படாமல் இருந்தாலோ, ரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோஅசிடோசிஸ் வந்தாலோ கட்டாயம் சேர்ப்போம். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை என்று பேசப்பட்ட மியூக்கர்மைகோசிஸ் யாரை அதிகம் தாக்கியது என்று நினைத்துப் பாருங்கள்: சுகர் ஏறியிருந்தவர்கள், கூடவே ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்கள்.

மற்றபடி, உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் டாக்ரோலிமஸ், மைகோஃபீனோலேட், பிரட்னிசோலோன் சாப்பிடுபவர்கள், ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்கள், சிடி4 என்ற எதிர்ப்பு அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கிய எச்.ஐ.வி. நோயாளிகள், முடக்குவாதத்துக்கோ லூபஸுக்கோ எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள், குறைமாதக் குழந்தைகள் ஆகியோர் இதில் வருவார்கள். கீமோவில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு 500-க்குக் கீழே இறங்கும் நாட்கள் மிகுந்த ஆபத்தானவை. இன்னொரு கூட்டம் உண்டு, அவர்களுக்கே தெரியாது. மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் பெயர் எழுதாத பொட்டல மருந்து வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படர்தாமரை யாருக்குத்தான் வரவில்லை? எனக்கு வந்தால் மட்டும் ஏன் இத்தனை சோதனை?

படர்தாமரைப் பூஞ்சைக்கு உணவு கெரட்டின் என்ற புரதம். அது தோலின் இறந்த மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் இருக்கிறது. நல்ல உடல்நிலை உள்ளவரிடம் பூஞ்சை அங்கேயே நின்றுவிடும், உள்ளே இறங்க உடல் விடாது. அந்தக் காவல் தளர்ந்தவரிடம் அதே பூஞ்சை முடிக்காலின் வழியாக இறங்கி, ஆழத்தில் கட்டி கட்டியாக உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். உங்கள் தோலில் தெரிவது உள்ளேயிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ரத்தத்தில் பரவிய கேண்டிடா, ஃபியூசேரியம், கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சைகள் தோலில் சிறு கொப்புளமாகவோ முடிச்சாகவோ தலைகாட்டும். சில நேரங்களில் உள்நோய்க்கு முதல் தடயம் அதுவே. அதனால்தான் சாதாரணமாகத் தெரிகிற ஒரு தடிப்புக்கும் மாதிரி கேட்கிறோம்.

பார்த்தாலே தெரியாதா? வட்ட வட்டமாகத்தானே இருக்கும்?

அந்த வட்டத்தை வரைவது உங்கள் உடல். பூஞ்சை வெளிப்பக்கமாகப் படரப் படர உடல் அதை எதிர்க்கிறது, அந்தச் சண்டை நடக்கும் விளிம்பு சிவந்து தடிக்கிறது, நடுப்பகுதி தெளிகிறது. எதிர்க்கும் சக்தியே குறைந்திருந்தால் விளிம்பு சரியாகத் தெரியாது. சிவப்பு மங்கி, செதில் மட்டும் உதிர்ந்துகொண்டு, உடம்பில் பெரிய பரப்பில் பரவியிருக்கும். அரிப்புகூட இல்லாமல் இருக்கும். சொரியாசிஸ் என்றும் எக்சிமா என்றும் பல மாதம் சிகிச்சை நடந்த பிறகு எங்களிடம் வருகிறவர்கள் உண்டு.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரை ஆகாது. தொழுநோய்ப் படையும் வளையமாக வரும். அங்கே உணர்ச்சி குறைந்திருக்கும், அதைத் தொட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கு வரும் செதில் சிரங்கு, உள்ளங்கையிலும் விரலிடுக்கிலும் தடித்த பொருக்காக இருக்கும். அரிப்பும் குறைவு. பூஞ்சை என்றே பலர் நினைப்பார்கள். சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால் சிரங்குப் பூச்சி கூட்டமாகத் தெரியும். வார்டில் ஒருவரிடமிருந்து அது பலருக்குத் தொற்றும் என்பதால் இந்த வேறுபாடு அவசரமானது.

கடையில் கொடுத்த களிம்பு போட்டேன். இரண்டே நாளில் அரிப்பு போய்விட்டது. பிறகு சோதனை எதற்கு?

அரிப்பு போனதற்குக் காரணம் பெரும்பாலும் அதில் இருக்கும் ஸ்டீராய்டு. குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் என்று டியூபில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். ஒரு பூஞ்சை மருந்து, ஒரு பாக்டீரியா மருந்து, ஒரு வீரியமான ஸ்டீராய்டு எல்லாம் ஒரே களிம்பில். சிவப்பும் அரிப்பும் அடங்கும், பூஞ்சை அடியில் வளரும். நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பும். ஸ்டீராய்டால் உருமாறிய இந்தப் படர்தாமரையை மருத்துவ உலகம் 1968-லேயே தனியாக அடையாளம் கண்டு பெயர் வைத்துவிட்டது. இந்தியாவில் இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் 2018-ல் மருத்துவர் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்க்கப்பட்டன. இன்றும் சீட்டு இல்லாமல் கைக்குக் கிடைப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

ஏற்கெனவே மாத்திரையாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் மேலே இதையும் பூசினால், முன் கேள்வியில் சொன்ன குழப்பம் இரட்டிப்பாகும். போட்ட டியூபைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுவாருங்கள்.

சுரண்டி எடுப்பது என்றால் வலிக்குமா? ரத்தம் வருமா?

வலிக்காது. இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து உலர விட்டு, மழுங்கிய பிளேடின் விளிம்பால் செதிலை உதிர்ப்போம். நடுவில் தொட மாட்டோம். பரவிக்கொண்டிருக்கும் ஓரத்தில்தான் உயிருள்ள பூஞ்சை அதிகம். உதிர்வதைக் கறுப்புக் காகிதத்தில் ஏந்திக்கொள்வோம், வெள்ளைச் செதில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. காகிதத்திலேயே மடித்து வைப்பதும் வழக்கம். மூடிய பிளாஸ்டிக் டப்பியில் ஈரம் தங்கினால் பாக்டீரியா பெருகிவிடும்.

நகம் என்றால் நுனியை வெட்டிக் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நுனியில் இருப்பது பெரும்பாலும் இறந்த பூஞ்சை. நகத்துக்கு அடியில் உள்ள மாவு போன்ற பொருளை முடிந்தவரை உள்பக்கமிருந்து எடுக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு நகத்தின் அடிப்பக்கத்தில், தோலை ஒட்டிய இடத்தில் வெண்மை தொடங்கி நுனி நோக்கி வருவதுண்டு. மற்றவர்களிடம் இது அரிது. பரிசோதனை செய்துகொள்ளாத ஒருவரிடம் இதைக் கண்டால் எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் பரிந்துரைப்பார்கள்.

சோதனைக்கு வரும் நாளில் என்ன செய்யக் கூடாது?

தேங்காயெண்ணெய் தடவ வேண்டாம். எண்ணெய்த் துளி நுண்ணோக்கியில் உருண்டையாக மின்னும், ஈஸ்ட் பூஞ்சையின் சாயலில் இருக்கும். பவுடரும் வேண்டாம், மாவுத் துகள்கள் இதே தொல்லையைத் தரும். நகத்தில் மருதாணியோ சாயமோ இருந்தால் உண்மையான நிறம் தெரியாது. பூஞ்சைக் களிம்பைப் பொதுவாக ஒன்றிரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வோம். ஆனால் கீமோவில் இருப்பவரோ காய்ச்சலோடு இருப்பவரோ அந்த இடைவெளிக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே மாதிரி எடுத்து, களிம்பு போட்டிருந்த விவரத்தைச் சீட்டில் எழுதினால் போதும்.

நீல விளக்கு அடித்துப் பார்த்தால் போதாதா?

வுட்ஸ் விளக்கு சிலவற்றுக்கு உதவும். தேமல் மஞ்சளாகவும், பூனையிடமிருந்து வரும் மைக்ரோஸ்போரம் பச்சையாகவும் ஒளிரும். இடுப்பு மடிப்பில் பூஞ்சை போலவே இருக்கும் எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று பவளச் சிவப்பாகத் தெரியும். நம் ஊரில் படர்தாமரை உண்டாக்கும் ட்ரைக்கோஃபைட்டான் வகைகள் பெரும்பாலும் ஒளிர்வதே இல்லை. ஒளிரவில்லை என்பதை வைத்துப் பூஞ்சை இல்லை என்று சொல்ல முடியாது.

கேஓஎச் ரிப்போர்ட்டில் பூஞ்சை இல்லை என்று வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா?

கேஓஎச் எனப்படும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோல் செல்லைக் கரைக்கும், பூஞ்சையின் சுவரைக் கரைக்காது. தோலுக்கு 10 சதவீதக் கரைசலில் சில நிமிடங்கள் போதும். நகத்துக்கு இன்னும் செறிவான கரைசலும் பல மணி நேரமும் தேவைப்படும். கரைந்த பிறகு செல்களுக்கு நடுவே இழை ஓடுகிறதா என்று தேடுகிறோம். மாதிரி குறைவு, எடுத்த இடம் சரியில்லை, களிம்பின் தாக்கம் இருக்கிறது, நகம் சரியாகக் கரையவில்லை என்று எதனாலும் தவறலாம். கால்கோஃப்ளூர் சாயம் சேர்த்து ஒளிரும் நுண்ணோக்கியில் பார்த்தால் சிக்காத இழையும் சிக்கும்.

உங்கள் நிலையில் ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட்டோடு விஷயத்தை மூடிவிடக் கூடாது. மறுபடி மாதிரி எடுக்கலாம். புண் ஆழமாக இருந்தால் மேலே சுரண்டுவதால் பயனில்லை, சிறு திசுத் துண்டை வெட்டி எடுக்கும் பயாப்சிதான் வழி. இரண்டு முறையும் இல்லை என்று வந்தால், மூன்றாம் பதிலில் சொன்ன மற்ற நோய்களைத் தேட வேண்டும்.

கல்ச்சருக்கு நான்கு வாரமா? அதற்குள் நோய் முற்றிவிடாதா?

கல்ச்சர் என்பது மாதிரியில் உள்ள பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பது. எல்லாவற்றுக்கும் நான்கு வாரம் ஆகாது. கேண்டிடா ஒன்று முதல் மூன்று நாளில் வளரும், மியூக்கர்மைகோசிஸை உண்டாக்கும் மியூக்கர் வளர்ந்தால் அதே வேகத்தில் குழாயை நிறைத்துவிடும். படர்தாமரைப் பூஞ்சைகள்தான் ஒன்று முதல் மூன்று வாரம் எடுக்கும். வளரவில்லை என்று எழுதுவதற்குத்தான் நான்கு வாரம் பொறுக்கிறோம். நோய் அவசரம் என்றால் நுண்ணோக்கி முடிவை வைத்தே சிகிச்சை தொடங்கும், கல்ச்சர் வந்ததும் மருந்தைத் திருத்துவார்கள்.

இதில் ஒரு வேண்டுகோள். பரிசோதனைச் சீட்டில் “தோல் மாதிரி, பூஞ்சை உள்ளதா” என்று மட்டும் எழுதி அனுப்பினால் ஆய்வுக்கூடத்துக்கு உங்களைத் தெரியாது. ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ், ஆல்டர்னேரியா எல்லாம் காற்றிலும் மண்ணிலும் இருப்பவை. சாதாரண நோயாளியின் கல்ச்சர் தட்டில் வளர்ந்தால் காற்றிலிருந்து விழுந்தது என்று ஒதுக்கிவிடுவோம். உங்கள் தட்டில் வளர்ந்தால் அதுவே நோய்க்குக் காரணமாக இருக்கலாம். மேலும், படர்தாமரைப் பூஞ்சையை வளர்க்க வழக்கமாகப் பயன்படுத்தும் ஊடகத்தில் சைக்ளோஹெக்சிமைடு என்ற மருந்து இருக்கும். அது இத்தகைய பூஞ்சைகளையும் கிரிப்டோகாக்கஸையும் வளரவிடாது. அந்த மருந்து இல்லாத சாபுரோ ஊடகமும் வைக்க வேண்டும். “சிறுநீரக மாற்று”, “கீமோ, நியூட்ரோஃபில் 200” என்று சீட்டில் ஒரு வரி இருந்தால் போதும், நாங்கள் பார்க்கும் விதமே மாறிவிடும். மருத்துவர் மறந்தால் நீங்களே நினைவூட்டுங்கள்.

எதைக் கண்டால் மறுநாள் வரை பொறுக்கக் கூடாது?

மணிக்கணக்கில் பெரிதாகும் கருமை. அது ஊசி போட்ட இடத்திலோ, சலைன் ஏற்றிய இடத்திலோ, பிளாஸ்டர் ஒட்டிய இடத்திலோ, விபத்தில் மண் பட்ட காயத்திலோ தொடங்கலாம். தோலில் வரும் மியூக்கர் இப்படித்தான் நுழைகிறது. ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைப்பதால் திசு செத்துக் கறுக்கிறது. அதேபோலப் பொறுக்கக் கூடாதவை: முகத்தில் ஒரு பக்கம் மரத்துப்போவது, கண் வீங்குவது, மூக்கில் கறுப்புப் பொருக்கு.

நியூட்ரோஃபில் குறைந்த நாட்களில் காய்ச்சலோடு தோலில் புதிய புள்ளிகள் வந்தாலும் அன்றே காட்டுங்கள். தசைவலியும் சிறு சிவப்புக் கொப்புளங்களும் சேர்ந்தால் கேண்டிடாவை நினைப்போம். கால் பெருவிரலில் நகச்சுற்று போலத் தொடங்கி, பிறகு உடம்பில் நடுவே கறுத்த முடிச்சுகள் வலியோடு தோன்றினால் ஃபியூசேரியத்தை. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் இதே கறுத்த புண்ணை உண்டாக்கும். கண்ணால் பிரிக்க முடியாது என்பதால் ரத்தக் கல்ச்சரும் பயாப்சியும் ஒரே நாளில் நடக்க வேண்டும்.

பிளேட்லெட் குறைந்திருக்கிறது. இந்த நிலையில் பயாப்சி வேண்டுமா?

பயம் நியாயமானது. தோல் பயாப்சி கண்முன்னே இருக்கும் இடத்தில் செய்வது, அழுத்திப் பிடிக்கலாம், தையல் போடலாம், தேவைப்பட்டால் பிளேட்லெட் ஏற்றிவிட்டுச் செய்யலாம். மற்ற உறுப்புகளில் செய்வதைவிட இது எளிது. சந்தேகம் வலுவாக இருக்கும்போது இதைத் தள்ளிப்போடுவதே பெரிய ஆபத்து.

எடுத்த திசுவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதி ஃபார்மலினில், நோய்க்கூறு ஆய்வுக்கு. பிஏஎஸ், ஜிஎம்எஸ் சாயங்களில் பூஞ்சை அங்கே தெரியும். மறு பாதி கிருமியில்லாத சலைனில், கல்ச்சருக்கு. முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பூஞ்சை செத்துவிடும், எங்களால் வளர்க்க முடியாது. இது இன்றும் நடக்கிறது. கூட இருப்பவர், “கல்ச்சருக்கும் தனியாக அனுப்புகிறீர்களா?” என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை. சலைன் பாதியில் ஒரு துணுக்கை உடனே கேஓஎச்-ல் வைத்தால் அகலமான, தடுப்புச் சுவர் அரிதான, ரிப்பன் போன்ற இழையா, குறுகிய தடுப்புள்ள இழையா என்று அன்றே தெரியும். முன்னது மியூக்கர், பின்னது ஆஸ்பர்ஜில்லஸ் அல்லது ஃபியூசேரியம் பக்கம். மருந்து இதைப் பொறுத்து மாறும். மியூக்கர் சந்தேகம் என்றால் திசுவை அரைக்கக் கூடாது, இழை நசுங்கிச் செத்துவிடும். துண்டுகளாக நறுக்கி வைப்போம்.

எச்.ஐ.வி. மருந்து இப்போதுதான் ஆரம்பித்தேன். முகத்தில் பாலுண்ணி மாதிரி முத்து முத்தாக இருக்கிறது. இதுவும் பூஞ்சையா?

மொலஸ்கம் என்ற வைரஸ் பாலுண்ணியாகவும் இருக்கலாம். கிரிப்டோகாக்கஸும் அச்சாக அதைப் போலவே, நடுவில் குழியோடு வரும். உங்கள் மருத்துவர் ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் பார்ப்பார். பட்டைச் சோதனையில் சில நிமிடங்களில் முடிவு தெரியும். பாசிட்டிவ் என்றால் தலைவலி இல்லாவிட்டாலும் முதுகுத் தண்டு நீரைச் சோதிக்கச் சொல்வார்கள், மூளை உறைக்குள் பரவியிருக்கிறதா என்று அறிய. மறுக்காமல் ஒத்துழையுங்கள்.

எந்தெந்த ஊரில் வாழ்ந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மணிப்பூரிலோ வியட்நாம், தாய்லாந்து போன்ற நாடுகளிலோ இருந்தவர்களுக்கு இதே தோற்றத்தில் டாலரோமைசஸ் மார்னெஃபி என்ற பூஞ்சை வரும். ஆய்வுக்கூடத்தில் அது 25 டிகிரியில் இழையாக வளர்ந்து ஊடகத்தைச் சிவப்பாக்கும், 37 டிகிரியில் ஈஸ்ட்டாக மாறும்.

சிறுநீரகம் மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. தோட்ட வேலையில் முள் குத்திய இடத்தில் வலியே இல்லாத கட்டி. கொழுப்புக் கட்டி என்று விட்டுவிடலாமா?

விட வேண்டாம். முள்ளோடும் மரச் சிராயோடும் உள்ளே போகிற கருநிறப் பூஞ்சைகள் உண்டு. அவை மாதக்கணக்கில் மெதுவாக, வலியில்லாமல் ஒரு பையாகத் திரளும். குத்தியதே மறந்துபோயிருக்கும். ஊசியால் உறிஞ்சிய சீழில் பழுப்பு நிற இழைகள் தெரிந்தால் நோய் பிடிபட்டுவிட்டது. அறுத்து எடுத்த கட்டிக்குள் சில நேரம் அந்தச் சிராயே இருக்கும்.

மதுரையின் பெயரால் உலகம் அறிந்த மதுராக் கால் நோயும் மண்ணிலிருந்து காயத்தின் வழியே வருவதுதான். நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ள விவசாயிகளையும் அது தாக்கும். அதில் துளைகள் வழியாகக் குருணை வெளிவரும், நான் மேலே சொன்ன கட்டியில் அது இருக்காது.

ரத்தப் பரிசோதனை ஒன்றிலேயே எல்லாம் தெரியாதா?

தோலின் மேலடுக்கில் இருக்கும் படர்தாமரை ரத்தத்தில் தெரியாது. உள்ளே பரவிய நோய்க்கு கேலக்டோமன்னான், பீட்டா குளுக்கான் சோதனைகள் உதவும். முதலாவது முக்கியமாக ஆஸ்பர்ஜில்லஸுக்கு. மியூக்கர் இரண்டிலும் சிக்காது, ஆகவே இவை நெகட்டிவ் என்று மியூக்கரைத் தள்ளிவிட முடியாது. ரத்தக் கல்ச்சரில் கேண்டிடாவும் ஃபியூசேரியமும் வளரும், ஆஸ்பர்ஜில்லஸ் அரிதாகவே வளரும்.

ரிப்போர்ட்டில் கேண்டிடா வளர்ந்தது என்று இருக்கிறது. அப்படியானால் எனக்கு நோய் உறுதியா?

உறுதியில்லை. கேண்டிடா வாயிலும் குடலிலும் தோல் மடிப்பிலும் சும்மாவே குடியிருக்கும். மேலாகத் தேய்த்தெடுத்த பஞ்சில் வளர்ந்தால் அது குடியிருப்பதைத்தான் காட்டலாம். சுரண்டிய செதிலில் மொட்டுவிடும் ஈஸ்ட்டோடு இழையும் தெரிந்து, மார்புக்கு அடியிலோ தொடை மடிப்பிலோ சிவந்த பரப்பும் சுற்றிலும் சிறு கொப்புளங்களும் இருந்தால் நோய் என்று கொள்ளலாம். ஐசியு-வில் கேண்டிடா ஆரிஸுக்காக அக்குளில் எடுக்கும் பஞ்சு பாசிட்டிவ் ஆவதும் குடியிருப்பதைத்தான் காட்டும். மற்றவர்களுக்குப் பரவாமல் தடுக்க அது தேவை, அதற்காக மட்டும் மருந்து தருவதில்லை. ஆனால் ரத்தத்திலோ ஆழத்துத் திசுவிலோ கேண்டிடா வளர்ந்தால் அதை ஒருபோதும் ஒதுக்கக் கூடாது.

முதலில் பூஞ்சை மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கிறேன், கேட்கவில்லை என்றால் சோதனை செய்துகொள்கிறேன். சரிதானே?

மற்றவர்களுக்கு ஓரளவு பொருந்தலாம், உங்களுக்குப் பொருந்தாது. இட்ராகோனசோல், ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் எல்லாம் டாக்ரோலிமஸ் உடைவதை ஈரலில் தடுக்கும். ரத்தத்தில் டாக்ரோலிமஸ் ஏறும், மாற்றிவைத்த சிறுநீரகமே பாதிக்கப்படும். பூஞ்சை மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் டாக்ரோலிமஸ் அளவு சட்டென்று இறங்கி, உறுப்பை உடல் நிராகரிக்கும் ஆபத்தும் உண்டு. அவசியம் என்றால் டாக்ரோலிமஸைக் குறைத்து, ரத்த அளவு பார்த்துக்கொண்டே தருவார்கள். இவ்வளவு சிக்கலான மருந்தை நோய் உறுதியாகாமல் தொடங்குவது சரியில்லை. உயிருக்கு ஆபத்தான அவசரம் மட்டும் விதிவிலக்கு, அப்போதும் மாதிரியை எடுத்துவிட்டே மருந்தைத் தொடங்குவார்கள்.

முறையாக மருந்து சாப்பிட்டும் படர்தாமரை போகவில்லை. அப்போது சோதனையில்தானே தவறு?

சோதனை சரியாகவே இருந்திருக்கலாம். இந்தியாவில் இப்போது பரவலாக இருக்கும் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற வகை, 2020-ல் தனி இனமாகப் பெயர் பெற்றது. அதில் பலவற்றுக்கு டெர்பினஃபைன் என்ற பூஞ்சை மருந்து வேலை செய்வதில்லை. மருந்து பற்றிக்கொள்ளும் நொதியே மரபணு மாற்றத்தால் மாறியிருக்கிறது. தட்டில் பார்த்து இதை நெருங்கிய இனங்களிலிருந்து பிரிப்பது கடினம், மரபணு வரிசை பார்க்க வேண்டும். மருந்து கேட்கிறதா என்ற உணர்திறன் சோதனையைப் பெரிய மையங்களில் செய்கிறார்கள். இதற்கு உயிருள்ள வளர்ப்பு வேண்டும், கல்ச்சரை வலியுறுத்துவதற்கு இதுவும் காரணம்.

வேறு காரணங்களையும் பாருங்கள். இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் ஏறுவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். பான்டோபிரசோல் போன்ற வாயு மாத்திரையோடு சாப்பிட்டால் சரியாக ஏறாது. வீட்டில் இன்னொருவருக்கு அதே படர்தாமரை இருந்து, துண்டும் படுக்கையும் பொதுவாக இருந்தாலும் திரும்பத் திரும்ப வரும். அவர்களையும் அழைத்துவாருங்கள், அவர்களிடமும் சுரண்டி எடுத்துப் பார்ப்போம்.

வேறு ஆஸ்பத்திரிக்கு மாறப் போகிறேன். எதையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும்?

ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பயாப்சி நடந்திருந்தால் சாயமேற்றிய கண்ணாடித் தகட்டையும், திசு வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். புதிய இடத்தில் மறுபடி வெட்டிப் புது சாயத்தில் பார்க்க முடியும். கல்ச்சரில் பூஞ்சை வளர்ந்திருந்தால் அது இன்னும் சேமிப்பில் இருக்கிறதா என்று கேட்டு, இரண்டு ஆய்வுக்கூடங்களையும் நேரடியாகப் பேச வையுங்கள். அதைக் கையில் எடுத்துப் போக வேண்டாம், முறைப்படி பொதிந்து அவர்களே அனுப்புவார்கள். போட்ட களிம்புகள், சாப்பிட்ட மாத்திரைகள், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தடிப்பு முதலில் எப்படி இருந்தது என்று கைபேசியில் எடுத்த படம் இருந்தால் அழிக்காமல் வைத்திருந்து புதிய மருத்துவரிடம் காட்டுங்கள்.